ஃபைண்ட் கட்டளையும் வாயடைத்த எரரும்

லினக்ஸில் பழைய ஷெல் ஸ்கிரிப்ட் எதைத் திறந்தாலும், ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளையின் வாலில் 2>/டெவ்/நல் என்று ஒட்டியிருக்கும். எரர் செய்திகளைத் திரையில் காட்டாமல் குப்பைக்கு அனுப்பு என்று பொருள். யாரோ ஒருவர் திரையில் வரிசையாக வந்த 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுப்பு) வரிகளைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதியது அது. கையால் ஒருமுறை தேடும்போது இப்படிச் செய்வதில் தப்பில்லை. தினமும் இரவு க்ரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக, ஓடும் ஸ்கிரிப்ட்டில் அதை எழுதினால், பின்னால் வருகிறவர் தலையில் வேலையைக் கட்டுகிறோம்.

உபுண்டு சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். /வார்/லாக் டைரக்டரிக்குள் 7 நாளைக்கு மேல் பழைய லாக் ஃபைல்களைத் தேடி கம்ப்ரஸ் செய்ய ஒரு ஸ்கிரிப்ட். சாதாரண யூசராக ஓட்டினால் /வார்/லாக்/பிரைவேட் என்ற டைரக்டரியில் பெர்மிஷன் டினைட் வரும். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உருவாக்கும் டைரக்டரி அது. உரிமையாளர் ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்), மோடு 700, அதாவது உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி. நமக்கு அங்கே வேலையில்லை என்பதால் எரரை நல்லுக்கு அனுப்பிவிடுகிறோம். எல்லாம் சுத்தம்.

அதே ஸ்கிரிப்ட் இப்போது க்ரானில் வேறொரு சர்வீஸ் அக்கவுன்ட்டில் (ஆளுக்கல்ல, புரோகிராமுக்கான யூசர்) ஓடுகிறது. அப்பாச்சி வெப் சர்வரின் லாக் டைரக்டரிக்கு டெபியன் வழி வந்த சிஸ்டங்களில் மோடு 750: குரூப்பில் உள்ளவர் படிக்கலாம், எழுத முடியாது; மற்றவருக்கு எதுவும் இல்லை. உரிமையாளர் ரூட், குரூப் ஏ-டி-எம் (adm). உபுண்டு நிறுவும்போது உருவாகும் முதல் யூசர் அந்த குரூப்பில் இருப்பார், சர்வீஸ் அக்கவுன்ட் இருக்காது. எழுதியவர் சோதித்தபோது கிடைத்த அப்பாச்சி லாக்குகள் இரவில் கிடைக்காது. எதிர்பார்த்த எரரும் எதிர்பாராத எரரும் ஒரே குழிக்குள் போய்விட்டதால் யாருக்கும் சேதி வராது. டிஸ்க் நிறையும்போதுதான் தெரியும்.

வேண்டாத டைரக்டரியைப் பெயர் சொல்லி ஒதுக்குவதே இதற்குச் சரியான வழி. ஃபைண்ட் /வார்/லாக் -பாத் /வார்/லாக்/பிரைவேட் -ப்ரூன் -ஓ -டைப் எஃப் -நேம் '*.லாக்' -எம்டைம் +7 -ப்ரின்ட். இதில் -ப்ரூன் என்றால் அதற்குள் இறங்காதே, -ஓ என்றால் 'அல்லது', -எம்டைம் என்றால் ஃபைல் கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்று. இதற்குப் பிறகு ஒரு எரர் வந்தால் அது உண்மையான எரர். கடைசியில் உள்ள -ப்ரின்ட்டை விட்டுவிட்டால் ஒதுக்கிய டைரக்டரியின் பெயரும் முடிவில் சேர்ந்து வரும். இன்னொன்று, -பாத் என்பது தேடத் தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிடும். டைரக்டரிக்குள் போய்ப் புள்ளியிலிருந்து தேடினால் பாதை ./பிரைவேட் என்று ஆகிவிடும், மேலே எழுதிய பேட்டர்ன் பொருந்தாது. +7 என்பதும் ஏழு முழு நாள் தாண்டியது என்று பொருள்படாது. பின்னத்தை வெட்டிவிட்டுக் கணக்கிடுவதால், குறைந்தது 8 நாள் ஆன ஃபைல்தான் சிக்கும்.

-ரீடபிள் (படிக்க முடிவது) இல்லாததை ப்ரூன் செய்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ ஃபைண்டில் அது நடக்கும். ஆனால் படிக்க முடியாததையெல்லாம் தடமின்றித் தாண்டிப்போவதும் நல்லுக்கு அனுப்புவதும் ஒன்றுதான். அப்பாச்சி டைரக்டரி மறுபடியும் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

அடுத்தது எக்ஸிட் கோட், கட்டளை முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி. நூறு ஃபைல் கிடைத்து, ஒரே ஒரு டைரக்டரியில் நுழைய முடியாமல் போனாலும் ஃபைண்ட் 0 தராது. க்னூ ஃபைண்ட் 1 தரும். ஸ்கிரிப்ட்டின் தலையில் செட் -ஈ (ஏதாவது தோற்றால் அங்கேயே நிறுத்து) இருந்தால், டாலர் அடைப்புக்குள் ஃபைண்டை ஓட்டி வேரியபிளில் வாங்கும் வரியிலேயே ஸ்கிரிப்ட் செத்துவிடும். எரரையும் நல்லுக்கு அனுப்பியிருந்தால் ஏன் செத்தது என்பதற்குத் துப்பே கிடைக்காது. அதே வரியை ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவித்து எழுதினால் சாகாது, ஏனென்றால் அங்கே லோக்கல் கட்டளையின் 0 தான் மிஞ்சும். பைப்பில், அதாவது ஒரு கட்டளையின் முடிவை அடுத்ததற்கு ஊட்டும் வரியில், போட்டாலும் கடைசிக் கட்டளையின் கோட்தான் வரும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் போட்டால் ஃபைண்டின் தோல்வி வெளியே தெரியும்.

அப்பாச்சி விஷயத்துக்கு வருவோம். சர்வீஸ் அக்கவுன்ட்டை அந்த குரூப்பில் சேர்த்தாயிற்று. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஷெல்லில் ஐடி கட்டளை பழைய குரூப்களையே காட்டும், அதை நம்ப வேண்டாம். வேறொரு யூசராகக் கட்டளையை ஓட்டும் சூடோ -யூ போட்டு அந்த அக்கவுன்ட்டாகவே ஃபைண்டை ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. இப்போது லாக்குகள் கிடைக்கின்றன, ஆனால் கம்ப்ரஸ் செய்யும் ஜிசிப் பெர்மிஷன் டினைட் என்கிறது. ஃபைல் 640, குரூப்புக்குப் படிக்கும் உரிமை இருக்கிறதே என்று குழம்புவார்கள். ஜிசிப் புது ஃபைலை உருவாக்கிப் பழையதை அழிக்கிறது. இரண்டுக்கும் வேண்டியது டைரக்டரியின் மேல் எழுதும் உரிமை; 750-இல் குரூப்புக்கு அது கிடையாது. அழிப்பதற்கு ஃபைலின் மோடு பொருட்டே அல்ல, டைரக்டரிதான் தீர்மானிக்கும். எல்லோரும் எழுதக்கூடிய, மோடு 1777 உள்ள /டெம்ப் போன்ற இடத்தில் ஸ்டிக்கி பிட் இருப்பதால், ஃபைலுக்கோ டைரக்டரிக்கோ உரிமையாளராகவும் இருக்க வேண்டும்.

டைரக்டரியில் ஆர் (படிக்கும் உரிமை), எக்ஸ் (நுழையும் உரிமை) இரண்டும் வேறுவேறு வேலை செய்கின்றன என்பதும் அடிக்கடி மறந்துபோகிறது. ஆர் மட்டும் இருந்தால் பெயர்ப்பலகை தெரியும், கதவு திறக்காது. எல்எஸ் -எல் கொடுத்தால் பெயருக்கு முன்னால் கேள்விக்குறிகளாக வரும். எக்ஸ் மட்டும் இருந்தால் பெயர் தெரிந்த ஃபைலைத் திறக்கலாம், பட்டியல் எடுக்க முடியாது. பாதையில் மேலே உள்ள ஏதாவது ஒரு டைரக்டரியில் எக்ஸ் இல்லாவிட்டாலும் கதை முடிந்தது. நேம்ஐ -எல் என்ற கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியின் மோடையும் உரிமையாளரையும் வரிசையாகக் காட்டும். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777 அடிக்கப் போகும் கையை இந்த ஒரு கட்டளை தடுத்துவிடும்.

இந்த வேலையில் ஜிசிப் தோற்றதை ஃபைண்ட் சொல்லுமா என்பது, கிடைத்த ஃபைல்களின் மேல் கட்டளையை ஓட்டும் -எக்ஸெக் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது. அரைப்புள்ளியில் முடித்தால் உள்ளே ஓடிய கட்டளை தோற்றாலும் ஃபைண்ட் 0 தரும். கூட்டல் குறியில் முடித்தால் தோல்வி வெளியே வரும், ப்ராசஸ் எண்ணிக்கையும் குறையும். ஃபைண்டின் பட்டியலை பைப்பில் வாங்கிக் கட்டளையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் என்றால் எக்ஸிட் கோட் 123 வரும். லாக் சுழற்சியை (பழைய லாக்குகளை ஒதுக்கிக் கம்ப்ரஸ் செய்வதை) பொறுத்தவரை, இவ்வளவு பாடுபடுவதைவிட ரூட்டாக ஓடும் லாக்ரொடேட்டிடம் விட்டுவிடுவது மேல்.

சரி, ரூட்டாகவே ஓட்டினால்? அப்போதும் தப்ப முடியாது. டெஸ்க்டாப் மெஷினில் /ரன்/யூசர்/1000 அடியில் உள்ள ஃப்யூஸ் (சாதாரண யூசரே ஏற்றும் ஃபைல்சிஸ்டம்) மவுன்ட்டில் ரூட்டுக்கும் பெர்மிஷன் டினைட் வரும். மவுன்ட் செய்த யூசரைத் தவிர மற்றவரை ஃப்யூஸ் இயல்பாக விடாது. -எக்ஸ்டெவ் போட்டால் ஃபைண்ட் வேறு ஃபைல்சிஸ்டத்துக்குள் இறங்காது. நெட்வொர்க் வழி வரும் என்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ரூட் ஸ்குவாஷ் இருந்தால் ரூட் அங்கே நோபடி என்ற அதிகாரமற்ற யூசர் ஆகிவிடுவார். சூடோ ஃபைண்ட் என்று எழுதி முடிவை /ரூட் அடியில் ஒரு ஃபைலுக்கு > குறியால் திருப்பினாலும் டினைட்தான், ஏனென்றால் அந்த ஃபைலைத் திறப்பது சூடோ அல்ல, நம்முடைய ஷெல். வருவதை ஃபைலில் எழுதும் டீ கட்டளையை வைத்து, சூடோ டீ-க்கு பைப் செய்ய வேண்டும்.

செய்தியின் வாசகத்தையும் கவனிக்கலாம். 'பெர்மிஷன் டினைட்' என்பது எரர் எண் 13. மோடு, ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு விதிகள்) பக்கம் பார்க்கலாம். 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' என்பது எண் 1. ரூட்டாக அழிக்கும்போது இது வந்தால் எல்எஸ்ஏடிடிஆர் போட்டு இம்யூட்டபிள் (மாற்றவோ அழிக்கவோ விடாத) கொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரர் வரிகளை க்ரெப் போட்டு வடிகட்டுவதானால் எல்சி_ஆல்=சி என்று முன்னால் வைக்க வேண்டும், வேறு மொழி லொக்கேலில் அந்த வாசகமே மாறிவிடும்.

கடைசியாக -டெலீட். அதைப் போட்டதும் -டெப்த் (டைரக்டரிக்கு முன்னால் அதன் உள்ளே இருப்பதைப் பார்ப்பது) தானாக இயங்கிவிடும், -டெப்த் இருந்தால் ப்ரூன் வேலை செய்யாது. -டெலீட்டும் ப்ரூனும் ஒரே வரியில் இருந்தால் க்னூ ஃபைண்ட் எரர் சொல்லி நின்றுவிடுவது நம் அதிர்ஷ்டம். நின்றுவிட்டதே என்று -டெப்த்தையும் எழுதிக் கொடுத்தால் பேசாமல் ஓடும். ஒதுக்கிய டைரக்டரிக்குள்ளும் இறங்கிவிடும். ப்ரூன் உள்ள இடத்தில் -ப்ரின்ட்0 கொடுத்து எக்ஸ்ஆர்க்ஸ் -0 வழியாக, அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கு அனுப்ப வேண்டும், அதையும் முதலில் ஆர்எம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பட்டியலைப் படித்துவிட்டு.