அத்தைக்கு பிரஷர் பார்க்க வந்த அக்கா

நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு அக்கா வருவார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர். அத்தைக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் பட்டையைச் சுருட்டிக்கொண்டே, “உனக்கு முப்பது தாண்டிடுச்சில்ல? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் பண்ணிக்கிட்டியா?” என்றார். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்றேன். “இருந்தா ஜிப்மர் பெரியாஸ்பத்திரிக்குல்ல அனுப்புவேன். உன்னை சுகாதார நிலையத்துக்குத்தானே கூப்பிடறேன்?”

மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கூச்சம்தான், வேறென்ன. கடைசியில் மாதவிலக்கு முடிந்த ஒரு வாரத்தில் அவரே கூட வந்தார்.

நர்ஸ் பஞ்சில் நனைத்து எதையோ தடவினார். ஊறுகாய் வாசனை. நீர்த்த அசிட்டிக் அமிலமாம், வினிகரில் இருப்பதுதான். ஒரு நிமிடம் அப்படியே படுத்திருக்கச் சொன்னார். செல்களில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். எனக்கு வெளுத்தது. “இதுக்குப் புற்றுநோய்னு அர்த்தமில்ல” என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொன்னதால்தான் பயமே வந்தது.

அப்புறம் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் கால்போஸ்கோப்பி. லென்ஸ் வழியாகப் பார்த்து, கடுகளவு சதை எடுத்தார்கள். ஒரு கிள்ளு, அவ்வளவுதான் வலி. முடிவுக்குக் காத்திருந்ததுதான் கொடுமை. அதிலும் பாதி என் தப்பு. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருந்தேன். நெய்வேலியில் ஷிஃப்டில் இருந்த மனுஷர், தெரியாத நம்பர் என்று எடுக்கவே இல்லை. பத்து நாள் கழித்து அந்த அக்காதான் தேடிவந்து, வாசலில் நின்றபடி திட்டினார். தயவுசெய்து உங்கள் நம்பரையே கொடுங்கள்.

புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. ஹெச்பிவி வைரஸ் வருடக்கணக்கில் தங்கிவிட்டால் வருகிற மாற்றமாம், விட்டுவைத்தால் புற்றுநோயாகலாம். சூடேற்றிய சிறு கருவியை வைத்து அந்த இடத்தைச் சுட்டார்கள். மாதவிலக்கு வலி போல அடிவயிற்றை இழுத்துப் பிடித்தது. அன்றைக்கே பண்ருட்டி பஸ் பிடித்து வீடு வந்துவிட்டேன். சில வாரம் தண்ணீர் போல வெள்ளைப்பட்டது. ஒரு மாதம் தாம்பத்தியம் கூடாது என்றிருந்தார்கள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அத்தைதான் எப்படியோ மகன் காதில் போட்டுவிட்டார்.

ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்த அக்கா வந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரையும் திண்ணையில் உட்காரவைத்திருந்தேன். அவளுக்கும் முப்பத்தொன்று.