லீவே எடுக்காதவர்

"இவ்வளவு நாளா ஏன் சார் யாருமே பாக்கல?" என்று அந்த வங்கிக் கிளையின் நகைக்கடன் அதிகாரி கேட்டபோது, தணிக்கைக்குப் போயிருந்த நான் அவர் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி, "அடுத்தது எந்த பாக்கெட்?" என்றேன். விசாரணை என்றால் கேள்வி கேட்பது நாம்தான், அவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

அன்று அதில் ஒரு நிம்மதி இருந்ததாகத்தான் பட்டது. பிடிபட்டவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். அப்பாடா, இனி மறைக்க வேண்டாம் என்கிற மாதிரி தோள் தளர்ந்துவிடும். பிறகு துறை விசாரணையில் அவர் தரப்பு எழுதிக்கொடுத்த பதிலில் அதே கேள்வி 'நிர்வாகத்தின் கண்காணிப்புக் குறைபாடு' என்று உருமாறி வந்தது. அப்படியானால் அன்றைக்கே தற்காப்புக்கு அடி போட்டாரா? ஒரு நாள் ஒன்று சரியென்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

நடந்தது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. நகைக்கடன் பாக்கெட்டுகளிலிருந்து நகையை எடுத்து வெளியே அடகுக் கடைகளில் வைத்திருந்தார். அதே எடைக்குக் கவரிங் போட்டுப் புது சீல் வைத்திருந்தார். பெட்டகத்தின் இரண்டு சாவியும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். மேனேஜர் வசூலுக்கும் மீட்டிங்குக்கும் அலைபவர், அவர் சாவியும் இவர் டிராயரில்தான் கிடந்தது. (எத்தனை கிளைகளில் அப்படிக் கிடக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.) முந்தைய தணிக்கைகளில் பாக்கெட்டுகளை எடை போட்டிருக்கிறார்கள். எடை சரியாக இருந்திருக்கிறது. கிளைக்கு நல்ல மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் அன்று என் பையில்தான் இருந்தது.

நான் பாக்கெட் சீலைப் பிரிக்கச் சொன்னதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. நகையை மீட்க வந்த ஒரு அம்மாவை ரெண்டு மூன்று தடவை 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் படியிலேயே என்னை மறித்து, "நகை உள்ள இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். வெளியூரிலிருந்து வேறு மதிப்பீட்டாளரை வரவழைத்து உரைகல்லில் உரசினோம். மோசடி ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஏசிஎஃப்இ 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, வெளிவந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் வெளிவந்தவை. உள்தணிக்கை கண்டுபிடித்தது 14 சதவீதம். 'ஏன் யாருமே பாக்கல' என்ற அந்த அதிகாரியின் கேள்விக்கு அந்த அறிக்கையே ஒரு பதில்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

எதற்காக எடுத்தார்? பங்குச் சந்தையில் ஆப்ஷன் வியாபாரம், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. அதில் இறங்கும் தனிநபர்களின் கதி எல்லோருக்கும் தெரிந்ததே. எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே 2024 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் வங்கி ஊழியருக்குக் கடனுக்கா பஞ்சம்? ஸ்டாஃப் லோன், பிஎஃப் லோன், சொசைட்டி என்று எத்தனையோ வழி. "ஏன் கேக்கல?" என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாங்களே சார்."

வங்கி அதிகாரிகளின் நடத்தை விதிப்படி ஊக வணிகம் கூடாது. ஆபீஸில் சொன்னால் வேலைக்கு ஆபத்து, வீட்டில் சொன்னால் மானம் போகும். டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953-ல் எழுதியதைத்தான் இன்றும் பயிற்சி வகுப்புகளில் முக்கோணமாக வரைகிறார்கள்: நெருக்கடி, வாய்ப்பு, மனசுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். கிரெஸ்ஸி அங்கே சொன்னது யாரிடமும் சொல்ல முடியாத நெருக்கடியை. வகுப்பில் அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அதற்கு எந்த ஃபார்மில் டிக் அடிப்பது?

சமாதானம் அவரிடம் தயாராக இருந்தது. "எடுக்கல சார், மாத்தி வச்சிருக்கேன்." எந்த நகை எந்தக் கடையில், வட்டி எதுவரை கட்டியாயிற்று என்று ஒரு சின்ன டைரியே வைத்திருந்தார். நேர்மையானவரின் டைரி போலத்தான் இருந்தது. அது என்னைச் சங்கடப்படுத்தியது என்பது உண்மை. அந்த வட்டியும் அடுத்தவர் நகையில் வாங்கிய பணம் என்பதும் உண்மை.

லீவே எடுக்காதவர் என்று அவரைத் தலைப்பில் சொன்னேனே, அந்த விடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். முக்கியப் பொறுப்பில் இருப்பவரை ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2021-ல் விதித்தது. 2018-ல் வெடித்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி விவகாரத்தில், மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஒரே அதிகாரி ஆண்டுக்கணக்கில் ஒரே இருக்கையில் இருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர், வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கி பொறுப்பேற்றுத் தரும் உத்தரவாதக் கடிதத்துக்கு அந்த வாடிக்கையாளரிடம் ஈடு கேட்டார். 'இதுவரை யாரும் கேட்டதில்லையே' என்று பதில் வந்த பிறகுதான் தோண்டினார்கள். இருக்கையில் ஆள் மாறியதும் கதை வெளியே வந்துவிட்டது.

நான் தணிக்கை செய்த கிளை ரெஜிஸ்டரிலும் அந்த நகைக்கடன் அதிகாரிக்கு 10 நாள் விடுப்பு பதிவாகியிருந்தது. அத்தனை நாளும் அவர் கிளைக்கு வந்திருக்கிறார். "ஆள் இல்ல சார், அவராவே வந்து ஹெல்ப் பண்ணார்" என்றார் மேனேஜர். பாராட்டாகத்தான் சொன்னார்.

கடைசியில் அவர் கேட்டது, "ஒரு நாள் மட்டும் குடுங்க சார், எல்லாத்தையும் மீட்டு வச்சிடறேன்." கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பணத்துக்கு எங்கே போயிருப்பார், இன்னொரு பாக்கெட்டுக்குத்தானே? தலைமை அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டியதும் என் கடமை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பப் பயந்து அவர் மைத்துனரை போன் போட்டு வரவழைத்தேன். அதிலும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எது யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் இத்தனையும் செய்தாரோ, அது அவர் வீட்டுக்கு என் போன் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மைத்துனர் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கிளைக்குப் போனாலும் முதலில் விடுப்புப் பதிவேட்டையும், விடுப்பு நாட்களின் சிசிடிவி பதிவையும் கேட்கிறேன். ஒரு கிளையில் வருஷக்கணக்காக லீவே போடாத ஒரு அம்மையார். பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் பிரித்தோம். ஒரு குந்துமணி குறையவில்லை. "என் பேரக் கெடுக்கவா சார் இத்தனையும் பிரிச்சீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வழக்கமான சோதனைதான் என்றேன். அங்கே யாரும் அதை நம்பவில்லை. 'குறை ஏதுமில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். கொஞ்ச நாளில் அந்த மேனேஜர் போன் செய்தார். அந்த அம்மா நகைக்கடன் இருக்கையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். இனி சாவியை யாரிடம் கொடுப்பது என்று என்னிடமே கேட்டார்.