சுழலும் தட்டுகள், விலக்கும் தண்ணீர்

இயற்பியல் ஆய்வகத்தில் வகுப்புக்கான செய்முறைகளைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. அவற்றில் எனக்கு அலுக்காத ஒன்று, மிதக்கும் தட்டுகள். கிளிசரின் கலந்த தண்ணீரில் காந்தப்பொடி சேர்த்த மில்லிமீட்டர் அளவுத் தட்டுகளை மிதக்கவிட்டு, அடியில் ஒரு சட்டக்காந்தத்தைச் சுழற்றுவோம். கிரிபோவ்ஸ்கி, ஸ்டோன், வைட்சைட்ஸ் மூவரும் 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை இது.

சுழற்றாமல் விட்டால் தட்டுகள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். காந்தம் சுழலத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விலகி, ஒழுங்கான வடிவத்தில் நின்றுகொள்ளும். காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்றே மாணவர்கள் சொல்வார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் அடியில் சுழலும் காந்தம் எல்லாத் தட்டுகளையும் நடுவை நோக்கித்தான் இழுக்கிறது. விலக்குவது தண்ணீர்.

அந்த விலக்கலுக்குத் திரவத்தின் நிலைமம், அதாவது ஓடத் தொடங்கியது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் குணம், வேண்டும். இதைச் சமன்பாடு இல்லாமலே காட்டலாம். தேனைவிடக் கெட்டியான, நிலைமமே பொருட்டில்லாத திரவத்தில் சுழற்சியை எதிர்த்திசைக்குத் திருப்பினால் எல்லா விசைகளும் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். விலக்கல் இருந்திருந்தால் அது ஈர்ப்பாகியிருக்க வேண்டும். சரி, இப்போது கண்ணாடியில் பாருங்கள். வலஞ்சுழி இடஞ்சுழியாகத் தெரியும், ஆனால் விலகும் தட்டுகள் அங்கேயும் விலகத்தான் செய்யும். சுழற்சியின் திசையைப் பொறுத்து விசை மாறவும் வேண்டும், மாறவும் கூடாது என்றால் அது சுழியமாகத்தான் இருக்க முடியும். கிளிசரின் கூடினால் திரவம் கெட்டியாகும்; இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் "அப்போ கிளிசரினைக் கூட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்றே வைத்துக்கொள்வேன்.

நிலைமம் உள்ள திரவத்தில் விலக்குவிசை சுழல்வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும், தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. வேகத்தைக் கூட்டினால் வடிவம் விரிவது இதனால்தான்.

1878-இல் மேயர் என்பவர் காந்த ஊசிகளைத் தக்கையில் செருகி மிதக்கவிட்டும் இப்படிப்பட்ட வடிவங்களைக் கண்டார். ஜே. ஜே. தாம்சன் தன் அணு மாதிரியை விளக்க அதைத் துணைக்கு அழைத்தார். ஆனால் மேயரின் ஊசிகளுக்கு மோட்டார் வேண்டாம், வடிவம் தானே நிற்கும். நம் தட்டுகளுக்கோ மின்சாரம் நின்றால் வடிவமும் போய்விடும். இந்த வேறுபாட்டைப் பல பாடங்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உறுத்தும்.

அப்புறம், காந்தமே இல்லாத ஒன்று: உருகும் பனித்தட்டு. தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம். தட்டுக்கு அடியில் குளிர்ந்த நீர் கீழே இறங்கும்போது சுழல் உண்டாகி, தட்டையும் சேர்த்துத் திருப்புகிறது என்று பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் காட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவின் வெஸ்ட்புரூக் நகர ஆற்றில் சுமார் 90 மீட்டர் அகலப் பனித்தட்டு சுற்றியதே, அதற்கும் இதுதான் காரணமா என்று கேட்பார்கள். ஓடும் ஆற்றில் நீரோட்டத்தின் சுழிப்புக்கே பெரும்பங்கு என்றுதான் எனக்குப் படுகிறது. அசையாத தொட்டியில் செய்து பார்த்தால்தான் உருகலின் பங்கு தனியாகத் தெரியும்.