வீட்டில் சௌராஷ்டிரம், வகுப்பில் ஆங்கிலம்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். குஜராத்தியின் கீழ் ஓர் உட்பிரிவாக அச்சாகியிருக்கும் அந்த எண்ணிக்கைக்குள்தான் மதுரை மகால் பகுதித் தெருக்களில் வாழும் எங்கள் குடும்பங்களும் அடங்குகின்றன.

கணக்கெடுக்க வருபவர் தாய்மொழியையும், அதற்கு மேல் தெரிந்த இரண்டு மொழிகளையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். எங்களுக்கு அந்த இரண்டு இடங்களும் பெரும்பாலும் தமிழாலும் ஆங்கிலத்தாலும் நிரம்பிவிடும். ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்ற கேள்வி அங்கே இல்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையோ, வீட்டில் வேறு மொழி பேசுவோரிடம், ஆங்கிலம் மிக நன்றாகவா, நன்றாகவா, சுமாராகவா, அறவே பேச வராதா என்று பிரித்துக் கேட்கிறது. இங்கே ஆங்கிலத்தில் தயங்காமல் வாதாடுகிறவரும் வங்கிப் படிவத்தை மட்டும் நிரப்பத் தெரிந்தவரும் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

அளவு தெரியாத இடத்தில் அச்சம் புகுந்துகொள்கிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டுமானால் வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். அதை நம்பும் இளம் பெற்றோர் முதலில் நிறுத்துவது சௌராஷ்டிரத்தைத்தான். அவர்களுக்கே ஆங்கிலம் சரளமாக வராதபோது பிள்ளையின் காதில் விழுவது 'கம்', 'சிட்', 'ஈட்' போன்ற கட்டளைகள் மட்டுமே. ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆயிற்று என்று நீளும் பேச்சு அந்த வீட்டில் நின்றுபோகிறது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே பாட்டிமார் பேசிய பேச்சில் கதையும் கணக்கும் காரணமும் இருந்தன. ஒரு மொழியில் காரணம் சொல்லப் பழகிய குழந்தை அடுத்த மொழியில் அதற்குச் சொற்களை மட்டும் தேடினால் போதும்.

ஒலிப்பிலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, ஒரே எழுத்தில் அடங்கிவிடும் p, b போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்ட, வல்லின எழுத்துகளின் அருகே 2, 3, 4 என்ற சிறு எண்களை இடுகிறோம், ஏனெனில் அந்த ஒலி வேறுபாடுகள் எங்கள் பேச்சில் பொருளையே மாற்றுபவை. சொல்லின் முதலில் 'ப'வை அழுத்திச் சொல்வதா மெலித்துச் சொல்வதா என்று ஆங்கிலத்தில் தடுமாறுகிற இடத்தில், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குழந்தையின் காது முன்பே பழகியிருக்கும்.

சௌராஷ்டிர எழுத்துகள் 2008-இல், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இடம்பெற்றுவிட்டன என்றாலும், பள்ளியில் எங்கள் பிள்ளைகள் படிப்பது தமிழும் ஆங்கிலமும்தான். வீடு கைவிட்டால் சௌராஷ்டிரத்துக்கு வேறு புகலிடம் இல்லை. ஆங்கிலத்துக்கோ பள்ளி இருக்கிறது. 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியும் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இன்றிரவு வீட்டில், வீட்டு மொழியில், ஒரு கதை கேட்டு வரச் சொல்லுங்கள், நாளை அதே கதையை வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் கடைசி வரை சொல்லி முடிக்க விடுங்கள்.