ஓ நெகட்டிவ்: ஊசிக்கு முன்னும் பின்னும்

எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்கு ஓ பாசிட்டிவ். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று அத்தை பின்னாளில் சொல்லிச் சிரித்தார். கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் முதலில் எழுதிய சீட்டிலேயே ‘ஐசிடி’ இருந்தது. மறைமுக கூம்ப்ஸ் டெஸ்ட். பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) என் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது.

குழந்தைக்கு அப்பாவின் பாசிட்டிவ் வந்து, அதன் ரத்தம் கொஞ்சம் என் ரத்தத்தில் கலந்தால், என் உடல் அதை அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி உருவாக்கும். பெரும்பாலும் இந்தக் கலப்பு பிரசவ நேரத்தில்தான் நடக்கிறது. முதலில் வருவது ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகை. ஒய் வடிவ மூலக்கூறுகள் ஐந்து சேர்ந்த பெரிய உருவம் அது. நஞ்சுக்கொடியைத் தாண்ட முடியாது. பிறகு வருவது ஐஜிஜி என்ற வகை. ஒற்றை ஒய். அதன் தண்டுப் பகுதியைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுசேர்க்கவே நஞ்சுக்கொடியில் தனி ஏற்பி இருக்கிறது. அதனால்தான் முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது, அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்கள் அடிவாங்குகின்றன. ஆன்டிபாடியின் கைநுனி எதைப் பிடிக்கும் என்பதை மட்டுமே எல்லாரும் பேசுகிறார்கள். என் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது தண்டுதான்.

டெஸ்ட் செய்யும் முறையும் இதே கதைதான். என் சீரத்தை, அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரை, பாசிட்டிவ் சிவப்பணுக்களோடு கலக்கிறார்கள். சிறிய ஐஜிஜி அணுக்களில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, ஒன்றோடொன்று இழுத்துக் கட்டாது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே அணுக்களைக் கழுவி, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றுகிறார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்தால் டெஸ்ட் பாசிட்டிவ். 1945இல் ராபின் கூம்ப்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை, இன்றும் அடிப்படை அதேதான்.

எனக்கு டெஸ்ட் நெகட்டிவ் வந்தது, ஆன்டிபாடி இல்லை. 28ஆவது வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்துவிட்டு, கையில் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். பாசிட்டிவ் சிவப்பணுக்களில் இருக்கும் ‘டி’ என்ற பொருளுக்கு எதிரானது. 300 மைக்ரோகிராம், விலை சில ஆயிரம் ரூபாய். அந்த ஊசிக்குள் இருப்பதும் அதே ஐஜிஜி என்று தெரிந்ததும் எனக்குத் திக்கென்றது. “அப்போ இதுவும் குழந்தைகிட்ட போகாதா டாக்டர்?” என்றேன். “போகும்மா. ஆனா குழந்தையைப் பாதிக்கிற அளவு இல்ல. உங்க ரத்தத்துல வர்ற குழந்தையோட அணுக்களை, உங்க உடம்பு பார்த்துப் பழகுறதுக்குள்ள அப்புறப்படுத்திடும்” என்றார்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே வேறு லேபில் ஐசிடி பாசிட்டிவ் என்று வந்தது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். ஊர் டாக்டர் அமைதியாக, “ஆன்டி-டி எப்போ போட்டாங்க?” என்று கேட்டார். முந்தைய ஆஸ்பத்திரி ஃபைலில் தேதியே எழுதவில்லை. மருந்துக்கடை பில்தான் காப்பாற்றியது. ஐஜிஜி உடலில் பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும், ஆகவே லேப் பிடித்தது ஊசியில் வந்த ஆன்டிபாடியை. அளவு மிகக் குறைவு என்பதும் அதற்குப் பொருந்தியது.

பிரசவம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சுகப்பிரசவம். தொப்புள்கொடி ரத்தத்தில் குரூப், நேரடி கூம்ப்ஸ் (குழந்தையின் சிவப்பணுக்களிலேயே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது), பிலிருபின் (மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமி) பார்த்தார்கள். பையன் பாசிட்டிவ், கூம்ப்ஸ் நெகட்டிவ். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது ஊசியை மறுநாளே போட்டார்கள். குழந்தை நெகட்டிவாக இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. நஞ்சுக்கொடி வழியே ஐஜிஜி போனது போக, சீம்பாலில் ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி போகிறது என்று நர்ஸ் அக்கா அதட்டியே பால் கொடுக்க வைத்தார்.

இந்த மருந்து காலங்காலமாக ரத்தப் பிளாஸ்மா கொடையாளர்களிடமிருந்து வருவது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவர் ரத்தத்தில் ஆன்டி-டி நிறைய இருந்தது.

நெகட்டிவ் தோழிகளுக்கு: கரு கலைந்தாலோ, நடுவில் ரத்தம் பட்டாலோ, வயிற்றில் அடிபட்டாலோ, ஊசி வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். ஊசி போட்ட தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். உடல் தானே ஆன்டிபாடி உருவாக்கத் தொடங்கிவிட்டால் இந்த ஊசியால் பயனில்லை.