சேர்க்கைத் தேதி

டெக்சஸில் டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாணவர் சேர்க்கை மேசை என்னுடையது. புதிதாக வரும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மதிப்பெண்கள், முகவரிக்கு ஆதாரமாக மின்சார பில் அல்லது வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துக் கணினியில் ஏற்றவேண்டும். இதை வெறும் காகித வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இங்கே பள்ளி விளையாட்டை நடத்துவது யு.ஐ.எல். என்ற அமைப்பு. அதை டெக்சஸ் பல்கலைக்கழகம் 1910இல் தொடங்கியது. பள்ளி மாறி வரும் மாணவன் வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில் ஆட வேண்டுமென்றால், இந்த அமைப்பு இரண்டு கேள்விகள் கேட்கிறது. பெற்றோர் உண்மையாகவே இந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கிறார்களா? பையன் விளையாட்டுக்காகப் பள்ளி மாறினானா? முதல் கேள்விக்கு வீட்டுச் சாமான்கள் எங்கே இருக்கின்றன, தபால் எங்கே வருகிறது, ஓட்டு எங்கே பதிவாகியிருக்கிறது என்பது வரை பார்ப்பார்கள். இரண்டாவதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் பழைய பள்ளிக்காரர்களும் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தகராறு வந்தால், அதே வட்டாரத்தில் நம்மோடு மோதும் பள்ளிகளின் அதிகாரிகள் கூடி முடிவு செய்வார்கள். நாளைக்கு எதிரணியாக வரப்போகிறவர்களே இன்றைக்குத் தீர்ப்பு சொல்கிறார்கள். தகுதி இல்லை என்று ஆகிவிட்டால் ஒரு முழு ஆண்டு முதல் அணியில் ஆட முடியாது. இரண்டாம் நிலை அணியில் ஆடலாம், முதல் அணியோடு பயிற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

முன்பு இது இன்னும் கடுமையாக இருந்தது. வெர்மாண்டிலிருந்து குடும்பத்தோடு ஆஸ்டினுக்கு வந்த ஒரு மாணவனுக்குக் கூடைப்பந்து ஆட ஓராண்டுத் தடை விழுந்தது. அவன் வந்த காரணத்தை யாரும் கேட்கவில்லை. பள்ளி மாறியதே போதுமான குற்றமாக இருந்தது. சல்லிவன் வழக்கு என்று பேர் பெற்ற அந்த விவகாரத்தில் 1981இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்ட பையனையும், அப்பாவோடு ஊர் மாறி வந்த பையனையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தத் தீர்ப்பை எங்கள் அலுவலகத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிற்பாடு நானாகத் தேடிப் படித்தேன்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் மேசைக்கு வந்த காகிதங்களில் சிலவற்றைப் பார்த்தாலே போதும். பெரிய வீடு ஓரிடத்தில் அப்படியே இருக்கும். எங்கள் எல்லைக்குள் ஒரு சின்ன அபார்ட்மென்ட், ஒப்பந்தம் ஃபுட்பால் சீசன் முடிகிற மாதம் வரை. காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது. ஒருமுறை நம் ஊர்க்காரர் ஒருவரே வந்தார். மகள் டென்னிஸில் நன்றாக ஆடுகிறவள். முதலில் மேடம் என்று ஆரம்பித்தவர், நான் தமிழ் என்று தெரிந்ததும், "அக்கா, ஆறு மாசத்துக்கு இங்க ஒரு அபார்ட்மென்ட் எடுத்துட்டா போதுமா?" என்றார். "போதாதுங்க. குடும்பமே வந்து இருக்கணும். பழைய வீட்டில சாமானெல்லாம் அப்படியே இருந்தா கேள்வி வரும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான் இருக்காங்க" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. அவர் நேராகக் கேட்டார். கேட்காமலே ஒப்பந்தம் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், எந்த மாவட்டத்துப் பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்கலாம் என்ற சட்டத்தை மாநிலம் முழுமைக்கும் முதலில் கொண்டுவந்தது மின்னசோட்டா, 1988இல். அரிசோனா 1994இல் வந்தது. புளோரிடா 2016இல் சட்டம் போட்டு, மாறி வருகிறவர்கள் உடனே ஆடலாம் என்றே சொல்லிவிட்டது. அங்கே பள்ளியில் வேலை செய்யும் என் தோழிக்கு நான் சொல்லும் கதைகள் எல்லாம் வியப்பாக இருக்கும். டெக்சஸில் வெளி மாவட்டத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம். 2025இல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு நூறு கோடி டாலர் வரை ஒதுக்கும் சட்டமும் வந்துவிட்டது. உன் பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்லதோ அங்கே கொண்டுபோ என்று ஒரு குரல் சொல்கிறது. கொண்டுபோனாயா, ஏன் கொண்டுபோனாய் என்று இன்னொரு குரல் கேட்கிறது. நடுவில் என் மேசை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரியில் ஒரு புதன்கிழமை, ஓர் அம்மா வந்தார். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து அந்த உடுப்போடேயே வந்திருந்தார். பையன் பதினோராம் வகுப்பு, பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவரை விட்டுப் பிரிந்து வந்திருப்பதாக இரண்டே வார்த்தையில் சொன்னார். அபார்ட்மென்ட் கிடைத்துவிட்டது, கடிதம் கொடுத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டு வாரம் ஆகும் என்றார். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வாருங்கள் என்றேன்.

கடிதத்தை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் பிறகு வாங்கிக்கொள்ள எங்கள் பள்ளியில் வழி இருந்தது. எழுந்து உள்ளே போய் அனுமதி கேட்கவேண்டும். எனக்கு அது தெரியும். அன்று வரிசை வாசல் வரை நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் அவர் இரவு வேலை முடித்து, பையனை நாற்பது நிமிடம் காரோட்டிப் பழைய பள்ளியில் விட்டுவிட்டு வந்து தூங்கியிருக்கிறார். மறுபடி வந்தது இன்னொரு புதன்கிழமை. சேர்க்கைத் தேதியைத் தட்டச்சு செய்தேன். பையன் கூடைப்பந்து ஆடுகிறவன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். நான் முன்பு கேட்கவே இல்லை.

படிவம் பழைய பள்ளிக்குப் போனது. அந்த கோச் நல்ல மனுஷர். விளையாட்டுக்காக மாறவில்லை, குடும்பக் காரணம் என்று தெளிவாக எழுதி அனுப்பினார். எங்கள் கோச்சுக்கும் சந்தேகம் இல்லை. எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனால் விவாகரத்து ஆகியிருந்தால் ஒரு விதி, பிரிந்து மட்டும் வந்திருந்தால் இன்னொரு விதி. பிரிந்து வந்தவரின் பிள்ளை ஓராண்டு காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்டினில் இருக்கும் யு.ஐ.எல். தலைமை அலுவலகத்துக்கு விதிவிலக்கு கேட்டு எழுதவேண்டும். மாறியே தீரவேண்டிய நிலைமை இருந்தது என்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும். அதாவது அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதவேண்டும்.

விண்ணப்பத்தை நானே அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து, காரணத்தை எழுதும் இடம் வரை வந்தார். பேனாவை வைத்துவிட்டார். "இதை எத்தனை பேர் படிப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையன்தான், "வேண்டாம் அம்மா, நான் காத்திருக்கிறேன்" என்றான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விளையாட்டுக்காக வாடகைக்கு வீடெடுத்தவருக்குக் காகிதம் கச்சிதமாக இருக்கிறது. உயிருக்குப் பயந்து வந்தவரிடம் காகிதம் இருப்பதில்லை. விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மனதில் என்ன இருந்தது என்பதை முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். அதற்கு விலை கொடுப்பது யார் என்பது இந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பருவம் அவன் இரண்டாம் நிலை அணியில் ஆடினான். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அங்கேயும் இடமில்லை, எங்கள் பள்ளியில் கடைசி வருடப் பிள்ளைகளை அதில் சேர்ப்பதில்லை. நவம்பரிலிருந்து முதல் அணியோடு பயிற்சி மட்டும். ஆட்ட நாட்களில் சட்டை டையோடு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான். ஓராண்டுக் கணக்கு சேர்க்கைத் தேதியிலிருந்துதான். அந்த ஜனவரியில் கோச் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சேர்க்கைத் தேதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் திறந்து இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

வட்டார ஆட்டங்கள் செவ்வாயும் வெள்ளியும் நடக்கும். இரண்டு வாரம் என்றால் நான்கு ஆட்டம். அவனுக்கு மீதமிருந்தது ஆறு. பத்தாக இருந்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். மூன்றாவது கால் பகுதியில் இறக்கினார்கள். அந்த அம்மா மேல் வரிசையில் அதே உடுப்பில் இருந்தார், அங்கிருந்து நேரே வேலைக்குப் போகவேண்டும் போல. என்னைப் பார்த்துக் கையசைத்தார். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை.

இப்போது யார் வந்து நின்றாலும் முகவரி ஆதாரம் கேட்பதற்கு முன்னால், பிள்ளை என்ன விளையாடுகிறான், எந்தத் தேதியிலிருந்து இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஒப்பந்தம் கையில் இல்லையென்றால், இருப்பதைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போகிறேன். வரிசை நிற்கட்டும்.