காய்ச்சல் என்று இனிச் சொல்ல மாட்டேன்

“அவருக்குக் காய்ச்சல் சார். இன்னைக்கு வர முடியாது.”

என் மனைவி இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. முந்தின இரவு குடித்தது தெளியாமல், போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே அவள் அறையை விட்டுப் போவாள். இன்னொரு நாள் தப்பித்தாயிற்று என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றாது.

ஒரு திங்கட்கிழமை அவள் எண்ணை அழுத்திவிட்டு போனை என் கையில் கொடுத்தாள். “இனிமே காய்ச்சல்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க.” குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. மறுமுனையில் மேலாளர் “ஹலோ, ஹலோ” என்கிறார். பேச வாய் வராமல் போனை அணைத்துவிட்டேன்.

அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் அன்று நினைத்தேன். அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அவள் அல்-அனான் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான குழு அது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-இல் அதைத் தொடங்கினார்கள். கணவனைத் திருத்துவது எப்படி என்று அங்கே யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. “நீங்கள் அவருடைய குடிக்குக் காரணம் இல்லை, அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது” என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து, பல மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள்.

நான் குடிக்கத் தொடங்கிய கதையில் சொல்ல அதிகம் இல்லை. நண்பர்களோடு, பிறகு தனியாக, பிறகு தினமும். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். கொஞ்சம் குடித்தால் எல்லாம் அடங்கிவிடும். அந்தக் காலைக் குடியை நான் மருந்து மாதிரி நினைத்திருந்தேன். உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால், அடுத்து நடந்ததைத் தவிர்த்திருக்கலாம்.

போன் சம்பவம் நடந்த அன்றே, ரோஷத்தில், வீட்டில் ஒளித்துவைத்திருந்த பாட்டில்களையெல்லாம் கழுவுதொட்டியில் கொட்டினேன். இனி ஒரு சொட்டுகூடக் கிடையாது, யார் உதவியும் வேண்டாம் என்று சொன்னேன். இரவு தூக்கமே இல்லை. மறுநாள் மாலைக்குள் சட்டை முழுக்க வியர்வை, நெஞ்சு படபடப்பு. அதன்பின் எனக்கு எதுவும் நினைவில்லை. வலிப்பு வந்து தரையில் விழுந்திருக்கிறேன். பத்து வயது மகள் அதைப் பார்த்திருக்கிறாள்.

நினைவு திரும்பியபோது மருத்துவமனையில் இருந்தேன். ஏன் இப்படி ஆனது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளையில் வேகத்தைக் கூட்டும் வேதிப்பொருளும் உண்டு, குறைக்கும் வேதிப்பொருளும் உண்டு. மது, பிரேக்கின் பக்கம் நின்று அழுத்திக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்படி அழுத்தினால், மூளை அதற்கு ஈடுகொடுக்க ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்ளும். திடீரென்று மதுவை நிறுத்தினால் பிரேக் போய்விடும், ஆக்ஸிலரேட்டர் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 2, 3 நாட்கள் கழித்து சிலருக்குக் கடுமையான குழப்பமும் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதும் சேர்ந்து வரும். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கிற அந்த நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் கை நடுங்குகிறவர், வீராப்பில் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. குடும்பத்தார் பாட்டிலைப் பிடுங்கி அறைக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. முதலில் டாக்டரைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

வார்டில் முதல் வாரம் குளோர்டயசிபாக்சைடு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் அதிகமாக, பிறகு நாளுக்கு நாள் குறைத்து. கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி. நெடுநாள் குடித்தவர்களுக்கு அது குறைந்துபோய் மூளையையே பாதிக்கக்கூடும் என்பதால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட்டார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் வந்து கையை நீட்டச் சொல்வார், நெற்றி வியர்வையைப் பார்ப்பார், இன்று என்ன கிழமை என்பார், தோலில் ஏதாவது ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்பார். இரண்டாம் இரவு, யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவே எனக்குக் கேட்டது. செவிலியரிடம் சொன்னேன். “கேக்கும். மருந்து வேலை செய்யும்போது போயிடும். நான் இங்கதான் இருக்கேன்” என்றார். விடியும்வரை அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். மொத்த மதிப்பெண் 40. 20-ஐத் தொட்டாலே அடிமை நிலையாக இருக்கலாம் என்று பொருள். எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நான் “வாரத்துக்கு ரெண்டு, மூணு நாள்” என்றேன். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். மறுத்தும் பேசவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. பழைய நாளாக இருந்தால் “ஆமா டாக்டர், அவ்வளவுதான்” என்று சேர்ந்து சொல்லியிருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே பதிலை மாற்றினேன். கூட்டினால் 29 வந்தது. நான் உண்மையைச் சொன்ன முதல் இடம் அதுதான்.

அங்கிருந்து மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். கவுன்சலிங், குழுப் பேச்சு, உடற்பயிற்சி என்று நாட்கள் போயின. எல்லாவற்றையும்விட எனக்கு நினைவில் நிற்பது குடும்ப அமர்வுதான். அம்மா, அண்ணன், மனைவி, மகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். திட்டக்கூடாது, அறிவுரை கூடாது, நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்பது கவுன்சலர் வைத்த விதி.

அண்ணன் என் கடனை எத்தனை முறை அடைத்தார் என்று சொன்னார். கவுன்சலர் அவரைக் கேட்டார்: “ஒவ்வொரு தடவையும் அடைச்ச பிறகு என்ன ஆச்சு?” அண்ணன் யோசித்துவிட்டு, “மறுபடி வாங்கினான்” என்றார். தம்பி மேல் இருந்த பாசம்தான் அவர் கையால் என் அடுத்த பாட்டிலுக்கு வழி செய்தது என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் அழுதார்.

அம்மா தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். குடியை மறக்க வைக்கும் மாத்திரையை எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்று. யாரோ அவருக்கு அப்படி யோசனை சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அதற்கு மட்டும் குரலை உயர்த்தினார். டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இதயம் தறிகெட்டு அடிக்கும், ரத்த அழுத்தம் விழும். உயிர் போகவும் வாய்ப்புண்டு. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்க வேண்டும். இந்த ரகசியக் கலப்பு பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளையைக் காப்பாற்றும் தவிப்பில்தான் செய்கிறார்கள். ஆனாலும் செய்யவே கூடாது.

கடைசியில் மகள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “அப்பா வெளியே இருந்து சாவி போடுற சத்தத்துலேயே தெரிஞ்சிடும். ஒரே தடவையில திறந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். கர் கர்னு தேய்ச்சிட்டே இருந்தா நான் லைட்டை அணைச்சிட்டு தூங்குற மாதிரி படுத்துப்பேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவளை அடித்ததில்லை, பெரிதாகத் திட்டியதும் இல்லை. அதனால் அவளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இரவும் பூட்டின் பக்கம் காதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை காத்திருந்திருக்கிறது.

வீடு திரும்பியபோது என்னிடம், மறுபடி குடிக்காமல் இருக்க உதவும் அக்காம்ப்ரோசேட் மாத்திரைகள் இருந்தன. ஒரு வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. என் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் நன்றாக இல்லாததால், சிறுநீரகம் வழியாக வெளியேறும் அக்காம்ப்ரோசேட்டைத் தேர்ந்தெடுத்ததாக டாக்டர் சொன்னார். நானும் மனைவியும் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். காலை மாத்திரையை அவள் எதிரில் நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். போட்டாயா என்று அவள் கேட்க மாட்டாள். குடித்துவிட்டு வந்தால் சண்டை போட மாட்டாள், அன்றிரவு மகளை அழைத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது. மையத்தில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுத்துவிடலாம். வீட்டில் மாலை 7 மணி ஆனால் உடம்பே கடிகாரமாகிவிடும். வேட்கை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும், அதோடு மல்லுக்கட்டாமல் அதன்மேல் மிதக்கக் கற்றுக்கொள் என்பது ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் வகுத்த பயிற்சி. கவுன்சலர் அதைச் சொல்லித்தந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஏதாவது ஒன்று அடியில் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். எனக்கு அநேகமாகப் பசியாகவே இருக்கும். சாப்பிட்டால் பாதி அடங்கிவிடும். தூக்கம் சரியாக மட்டும் பல மாதம் பிடித்தது.

வாரம் மூன்று நாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனேன். 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் பிறந்த அமைப்பு அது. முதல் நாள் ஒருவர் எழுந்து, மனைவியின் கைப்பையிலிருந்து திருடியதைச் சொன்னார். அதையே நானும் செய்திருந்தேன், யாரிடமும் சொன்னதில்லை. அவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அறையில் எனக்கு மூச்சு விட முடிந்தது.

ஐந்தாம் மாதம் சறுக்கினேன். அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு விருந்து. ஒன்று என்று எடுத்தது நான்கில் முடிந்தது. வீட்டு வாசலில் நின்று மனைவிக்கு போன் செய்து, “குடிச்சிட்டேன்” என்றேன். அவள் கதவைத் திறந்தாள். மகளின் பையை எடுத்துக்கொண்டாள். “காலையில கவுன்சலருக்கு போன் பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் இருந்தபடி கிளம்பிப் போனாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இனி எல்லாம் போயிற்று, இவ்வளவு ஆனபின் இன்னும் குடித்தால் என்ன என்று மனம் அன்றிரவு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்பிவிடுவது வேறு, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனிதர்களைத் தள்ளிவிடுவது இந்த எண்ணம்தான் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். காலை 8 மணிக்கு போன் செய்தேன். கவுன்சலர் திட்டவில்லை. எந்த நேரத்தில், யாரோடு, எந்தப் பேச்சுக்குப் பிறகு முதல் கோப்பை கைக்கு வந்தது என்று நிதானமாகக் கேட்டு எழுதவைத்தார். அன்று மாலை கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நாள் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

மனைவி நெடுநாள் என் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்தால் மூச்சை முகர்வாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் கோபப்பட்டும் விட்டேன். அவள் தன் கூட்டத்தில் அதைப் பேசிவிட்டு வந்து, “நம்பணும்னு எனக்கும் ஆசைதான். உடம்பு கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் நாள் குடுங்க” என்றாள். அதன் பிறகு வந்ததும் வராததுமாகப் பையை நானே மேசை மேல் திறந்து வைக்கத் தொடங்கினேன். எப்போது அவள் அதைப் பார்ப்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சறுக்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி ஓராண்டு எடுத்து நிறுத்தினேன். கல்லீரல் பரிசோதனை சரியாக வந்துவிட்டது. கூட்டத்துக்கு இன்னும் போகிறேன். காய்ச்சல் வந்தால் நானே போன் செய்து விடுப்புச் சொல்கிறேன்.

போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. இருட்டில் சாவி துளையில் நுழையாமல் இரண்டு மூன்று முறை தேய்த்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கதவு திறந்தபோது முன்னறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. மகள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “அப்பா, இந்தக் கணக்கு எனக்கு வரவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்” என்றாள்.